துப்பாக்கி கையில் இருந்தால் மட்டும் போதுமா? அவசரத்தில் மக்கர் செய்தால் என்ன கதி!

திருப்பூர்,

"கையில ஒரு துப்பாக்கி இருந்திருந்தா அந்த எஸ்.எஸ்.ஐ. உசுரோட இருந்திருப்பாருங்க..."

2025-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் திருப்பூர் மாவட்டத்து டீக்கடைகளிலும், ஷிப்ட் மாறும் நேரத்தில் பனியன் கம்பெனி வாசல்களிலும் அதிகம் கேட்ட பேச்சு இதுதான். குடிமங்கலம் அருகே ஒரு தோட்டத்தில் அப்பாவுக்கும் மகன்களுக்கும் தகராறு என்று ஆகஸ்டு 5-ந்தேதி இரவு போலீசுக்கு தகவல் வந்தது. விலக்கி விடப்போன சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் சண்முகவேல் அரிவாளால் வெட்டிக் கொல்லப்பட்டார். சண்டையை சமாதானம் செய்யப்போனவர் பிணமாக திரும்பியது தமிழகத்தையே உலுக்கியது.

இரண்டே நாளில், 7-ந்தேதி, அந்த வழக்கில் தேடப்பட்ட வாலிபர் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் பலியானார். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரை அவர் அரிவாளால் தாக்கியதால் சுட நேர்ந்ததாக போலீஸ் தரப்பில் சொல்லப்பட்டது.

அதோடு பேச்சு இன்னும் சூடானது. "ராத்திரி ரோந்து போற எல்லா போலீசுக்கும் துப்பாக்கி குடுங்க" என்றார்கள். அதற்கு முன்பே இன்னொரு பேச்சும் கொங்கு மண்டலத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 2024 நவம்பர் கடைசியில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டன்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் தாய், தந்தை, மகன் என 3 பேர் கொலை செய்யப்பட்டனர். 2025-ல் ஈரோடு மாவட்டம் சிவகிரி பக்கம் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த வயதான தம்பதி கொல்லப்பட்டது மே மாதம் 1-ந்தேதி வெளியே தெரிந்தது. "காட்டுக்குள்ள தனியா கெடக்கறோம், எங்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸ் வேணும்" என்ற குரல் அப்போதே கேட்க ஆரம்பித்து விட்டது.

போலீசுக்கும் துப்பாக்கி, தோட்டத்துக்காரருக்கும் துப்பாக்கி. கேட்பதில் நியாயம் இருக்கிறது. பயத்தில் இருப்பவனுக்குத்தான் பயம் தெரியும்.

ஆனால் யாரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்த துப்பாக்கி, வேண்டிய நேரத்தில் வேலை செய்யுமா? வேண்டாத நேரத்தில் வெடிக்காமல் இருக்குமா?

துப்பாக்கியும் ஒரு மிஷின்தான்

சினிமாவில் ஹீரோ இடுப்பில் இருந்து துப்பாக்கியை உருவினால் போதும். டுமீல், டுமீல் என்று நிற்காமல் சுடும். நிஜத்தில் அப்படி இல்லை.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஓவர்லாக், பேட்லாக், பவர் டேபிள் ஓட்டுபவர்களுக்கு மிஷினின் குணம் தெரியும். காலையில் இருந்து ஒழுங்காக ஓடிய மிஷின், அவசர ஆர்டர் அன்றைக்கு பார்த்து நூல் அறுக்கும். ஊசி உடையும். பஞ்சு சேர்ந்து அடைக்கும். பாபின் கேசில் சின்ன கோளாறு என்றாலும் தையல் கெட்டுவிடும். மெக்கானிக் வந்து திறந்து பார்த்தால் காரணம் பெரும்பாலும் சின்னதுதான். சுத்தம் செய்யவில்லை, எண்ணெய் போடவில்லை, ஸ்பிரிங் தளர்ந்து விட்டது.

பிஸ்டல் என்று சொல்லப்படும் கைத்துப்பாக்கியும் அப்படிப்பட்ட மிஷின்தான்.

கைப்பிடிக்குள் சொருகும் பெட்டிக்கு பெயர் மேகசின். அதற்குள் தோட்டாக்கள் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி இருக்கும். அடியில் உள்ள ஸ்பிரிங் அவற்றை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். துப்பாக்கியின் மேல்பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர். அதை பின்னால் இழுத்து விட்டால், மேகசினில் இருந்து ஒரு தோட்டாவை தள்ளிக்கொண்டு போய் குழலின் பின்பக்கம் உள்ள அறையில் உட்கார வைக்கும். அந்த அறைதான் சேம்பர்.

டிரிகரை அழுத்தினால் உள்ளே இருக்கும் ஊசி தோட்டாவின் அடியில் அடிக்கும். மருந்து வெடித்து குண்டு முன்னால் பாயும். அதே வேகத்தில் ஸ்லைடு பின்னால் வரும். காலியான பித்தளை கூட்டை இழுத்து வெளியே வீசும். திரும்ப முன்னால் போகும்போது அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு போகும். இவ்வளவும் கண் இமைப்பதற்குள் நடந்து முடிந்துவிடும். அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும், ஆனால் ஒவ்வொரு குண்டுக்கும் டிரிகரை ஒருமுறை அழுத்த வேண்டும். அதனால்தான் இதற்கு செமி ஆட்டோமேட்டிக் என்று பெயர்.

இத்தனை வேலையில் ஒன்று தவறினாலும் துப்பாக்கி மக்கர்தான்.

எங்கே எங்கே மாட்டிக்கொள்ளும்?

முதல் சந்தேகம் மேகசின் மேல்தான். அதன் வாய் லேசாக நெளிந்திருந்தாலும், ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலும் தோட்டா சரியான கோணத்தில் மேலே வராது. ஸ்லைடு முன்னால் போகும், தோட்டா குறுக்கே நிற்கும்.

இரண்டாவது, தோட்டா. ஈரம் பட்டது, பழையது, எண்ணெய் ஊறியது என்றால் ஊசி அடித்தாலும் வெடிக்காமல் போகலாம். "டொக்" என்று சத்தம் மட்டும் வரும். எண்ணெய் நல்லதுதானே என்று துப்பாக்கியை எண்ணெயில் குளிப்பாட்டுபவர்கள் உண்டு. அது தூசியை இழுக்கும், தோட்டாவுக்குள் இறங்கி மருந்தையும் கெடுக்கும்.

மூன்றாவது, காலி கூடு. வெளியே போகவேண்டிய பித்தளை கூடு பாதியில் ஸ்லைடில் மாட்டிக்கொண்டு, மில் புகைக்கூண்டு மாதிரி நட்டுக்கொண்டு நிற்கும். இதற்கு பெரும்பாலும் துப்பாக்கியை குறை சொல்ல முடியாது. பிடித்த கைதான் காரணம். மணிக்கட்டு உறுதியாக இல்லாமல் தொளதொளவென்று பிடித்தால், ஸ்லைடு முழு தூரம் பின்னால் வராது. பழக்கம் இல்லாதவர்கள், பயத்தில் கை நடுங்குபவர்கள் கையில்தான் இது அதிகம் நடக்கும். அதாவது ஆபத்து நேரத்தில்தான்.

நான்காவது, இருப்பதிலேயே மோசம். மருந்து குறைவான தோட்டா வெடித்து குண்டு குழலுக்குள்ளேயே நின்று விடும். சத்தம் வித்தியாசமாக வந்ததை கவனிக்காமல் அடுத்ததை சுட்டால் குழல் பிளந்து சுட்டவன் கையே போகலாம்.

போலீசில் பல ஆண்டுகள் ரிவால்வர் இருந்ததற்கு காரணமும் இதுதான். ரிவால்வரில் ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் மறுபடி டிரிகரை அழுத்தினால் போதும், உருளை சுற்றி அடுத்த தோட்டா வந்து நிற்கும். பிஸ்டலில் தோட்டா அதிகம், மாற்றுவதும் வேகம். ஆனால் மாட்டிக்கொண்டால் இரண்டு கையாலும் சரி செய்ய தெரிந்திருக்க வேண்டும். ஒரு கையில் டார்ச் லைட்டும், எதிரே அரிவாளுமாக நிற்கும்போது அது என்ன பாடு என்று யோசித்துப் பார்க்கலாம்.

ஒன்றரை வினாடி கணக்கு

அமெரிக்காவில் சால்ட்லேக் சிட்டி போலீஸ் அதிகாரி டென்னிஸ் டூயல்லர் 1983-ல் ஒரு கணக்கு போட்டு எழுதினார். கத்தியோடு ஓடி வருபவன் 21 அடி தூரத்தை கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? சுமார் ஒன்றரை வினாடி. உறையில் இருக்கும் துப்பாக்கியை உருவி சுடுவதற்கும் ஏறக்குறைய அவ்வளவு நேரம்தான் ஆகும் என்றார் அவர்.

21 அடி என்பது இரண்டு அறை நீளம். தோட்டத்து சாளைக்கும் களத்துக்கும் நடுவில் உள்ள தூரம். இருட்டில், குடிபோதை சண்டைக்கு நடுவில், அரிவாளோடு ஒருவன் பாயும்போது போலீஸ்காரருக்கு கிடைப்பது இந்த ஒன்றரை வினாடிதான். அதில் துப்பாக்கி ஒருமுறை மக்கர் செய்தால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது.

ஆகவே துப்பாக்கி கொடுத்துவிட்டோம் என்று கணக்கு காட்டினால் போதாது. அது நம்பகமாக ஓட வேண்டும், வைத்திருப்பவர் கையும் அதற்கு பழகி இருக்க வேண்டும்.

வாயால் சுட்ட போலீஸ்!

இது வெறும் கற்பனை பயம் அல்ல. நாடு முழுவதும் நடந்த சம்பவங்களை பார்த்தால் சிரிப்பும் வரும், வயிற்றில் புளியும் கரைக்கும்.

உத்தரபிரதேச மாநிலம் சம்பல் மாவட்டத்தில் 2018 அக்டோபரில் போலீசார் குற்றவாளிகளை சுற்றி வளைத்தனர். அப்போது சப்-இன்ஸ்பெக்டர் ஒருவரின் துப்பாக்கி வேலை செய்யவில்லை. என்ன செய்வது? எதிராளியை பயமுறுத்த வாயாலேயே "டாய்ன், டாய்ன்" என்று கத்தினார். அந்த வீடியோ நாடு முழுவதும் ஓடி, மீம்ஸ் போட்டு கிழித்தார்கள். ஆனால் சிரித்தவர்கள் ஒன்றை மறந்தார்கள். எதிரில் இருந்தவன் குறி வைத்து சுட்டிருந்தால் அந்த சப்-இன்ஸ்பெக்டர் வீடு திரும்பி இருப்பாரா?

பீகாரில் 2019 ஆகஸ்டு 21-ந்தேதி முன்னாள் முதல்-மந்திரி ஜெகநாத் மிஸ்ராவின் இறுதிச்சடங்கு நடந்தது. அரசு மரியாதையாக வானத்தை நோக்கி சுட 20-க்கும் மேற்பட்ட போலீசார் துப்பாக்கியை உயர்த்தினர். முதல்-மந்திரி நிதிஷ்குமார் முன்னிலையில் ஒரு துப்பாக்கி கூட வெடிக்கவில்லை. அவை கைத்துப்பாக்கி அல்ல, பெரிய துப்பாக்கிகள். ஆனால் பாடம் ஒன்றுதான். சுட்டே பார்க்காத ஆயுதத்தை நம்பி நிற்க முடியாது.

அதே உத்தரபிரதேசத்தில் 2022 டிசம்பரில் டி.ஐ.ஜி. ஒருவர் போலீஸ் நிலையத்தில் திடீர் சோதனை நடத்தினார். துப்பாக்கியில் தோட்டா போட்டு காட்டுங்கள் என்றார். ஒரு சப்-இன்ஸ்பெக்டர் குழலின் முன்வாய் வழியாக தோட்டாவை போட்டார்! நூலை ஊசியின் காதில் கோர்க்காமல் ஊசி முனையில் கோர்க்க பார்ப்பது மாதிரி.

இந்த மூன்று சம்பவத்திலும் யாரும் சாகவில்லை. அடுத்த வகை கோளாறில்தான் உயிர் போகிறது.

காலி என்று நினைத்த துப்பாக்கி

சுடவேண்டிய நேரத்தில் சுடாமல் போவது ஒரு வகை. சுடக்கூடாத நேரத்தில் சுடுவது இன்னொரு வகை. இரண்டாவதில் சாவது பெரும்பாலும் எதிரி அல்ல, பக்கத்தில் நிற்கும் நம்ம ஆள்.

தமிழக போலீசுக்கு இந்த வலி நன்றாக தெரியும். சென்னை கொளத்தூர் நகைக்கடை கொள்ளை வழக்கில் குற்றவாளியை பிடிக்க தனிப்படை ராஜஸ்தான் போனது. 2017 டிசம்பர் 13-ந்தேதி பாலி மாவட்டத்தில் நடந்த மோதலில் மதுரவாயல் இன்ஸ்பெக்டர் பெரியபாண்டியன் குண்டு பாய்ந்து இறந்தார். கொள்ளையன் சுட்டதாகத்தான் முதலில் செய்தி வந்தது. ஆனால் ராஜஸ்தான் போலீஸ் விசாரணையில், உடன் போன இன்ஸ்பெக்டர் கையில் இருந்த துப்பாக்கி தவறுதலாக வெடித்ததில்தான் அவர் இறந்தார் என்று தெரிய வந்தது. கூட்டாளியை காப்பாற்ற எடுத்த துப்பாக்கியே கூட்டாளியின் உயிரை வாங்கியது.

உத்தரபிரதேசம் அலிகாரில் 2023 டிசம்பர் 8-ந்தேதி நடந்தது இன்னும் கொடுமை. பாஸ்போர்ட் விசாரணைக்காக ஒரு பெண் போலீஸ் நிலையம் போனார். அங்கிருந்த சப்-இன்ஸ்பெக்டரிடம் இன்னொரு போலீஸ்காரர் பிஸ்டலை கொண்டுவந்து கொடுத்தார். அவர் அதை கையில் வாங்கி பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. குண்டு அந்த பெண்ணின் தலையில் பாய்ந்தது. சில நாட்கள் ஆஸ்பத்திரியில் போராடி இறந்து போனார். எல்லாம் கண்காணிப்பு கேமராவில் பதிவானது.

இப்படி வெடிப்பதற்கு பிஸ்டலின் அமைப்பிலேயே ஒரு காரணம் இருக்கிறது. மேகசினை கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பார்கள். ஆனால் சேம்பரில் ஏற்கனவே ஏறிய ஒரு தோட்டா அப்படியே இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. "காலிதான்" என்று சொல்லி டிரிகரை அழுத்தும்போது அந்த ஒற்றை தோட்டா வெடிக்கும். உலகம் முழுக்க நடக்கும் பிஸ்டல் விபத்துகளில் திரும்பத் திரும்ப வரும் கதை இது. இங்கே துப்பாக்கியில் கோளாறே இல்லை. அது சொன்னபடி வேலை செய்திருக்கிறது. கோளாறு பிடித்தவர் கையில்.

கீழே விழுந்து வெடிப்பதும் உண்டு. இந்தி நடிகர் கோவிந்தா 2024 அக்டோபர் 1-ந்தேதி அதிகாலை வெளியூர் கிளம்பும் அவசரத்தில் தனது லைசென்ஸ் ரிவால்வரை எடுத்து வைத்தபோது அது தவறி விழுந்து வெடித்து காலில் குண்டு பாய்ந்தது. மும்பையில் வசதியான வீட்டில், பல வருடம் லைசென்ஸ் வைத்திருப்பவருக்கே இந்த நிலை.

அமெரிக்காவிலும் அதே பஞ்சாயத்து

"அதெல்லாம் நம்ம ஊர் பழைய துப்பாக்கி, வெளிநாட்டு சரக்கு அப்படி இல்லை" என்று சிலர் சொல்வார்கள்.

நம் நாட்டு போலீசிலும் ராணுவத்திலும் பரவலாக இருக்கும் 9 எம்.எம். பிஸ்டல் மேற்கு வங்காளம் இச்சாப்பூர் அரசு தொழிற்சாலையில் தயாரானது. அதன் மூல மாடல் பெல்ஜியத்தில் 1935-ல் வந்த பிரவுனிங். பழைய மாடல்தான். ஆனால் பழசு என்பதாலேயே கெட்டது என்று ஆகாது. அதே பிரவுனிங் வடிவமைத்த இன்னொரு பிஸ்டலை அமெரிக்க ராணுவம் 1911-ல் சோதித்தது. 6 ஆயிரம் ரவுண்டு சுட்டார்கள். குழல் சூடானால் தண்ணீரில் முக்கி எடுத்து மறுபடி சுட்டார்கள். ஒருமுறை கூட மாட்டவில்லை. அப்படி பாஸ் ஆன பிறகுதான் வீரர்கள் கைக்கு போனது.

அடுத்து புது சரக்கின் கதை. அமெரிக்க ராணுவம் 2017-ல் சிக் சாவர் கம்பெனியின் பி-320 மாடலை தேர்வு செய்தது. அதே ஆண்டு, கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று புகார் கிளம்பியது. கம்பெனி உள்பாகங்களை மாற்றித் தர முன்வந்தது. அதன் பிறகும், டிரிகரை தொடாமலேயே உறைக்குள் இருந்தபடி வெடித்தது என்று பலர் கோர்ட்டுக்கு போனார்கள். 2024 நவம்பரில் பிலடெல்பியா கோர்ட்டில் ஒரு வழக்கில் 1 கோடியே 10 லட்சம் டாலர் நஷ்டஈடு தர ஜூரிகள் தீர்ப்பு சொன்னார்கள். டிரிகரை அழுத்தாமல் எங்கள் துப்பாக்கி வெடிக்காது என்பதே கம்பெனியின் பதில்.

2025 ஜூலை 20-ந்தேதி வயோமிங் மாநில விமானப்படை தளத்தில் அதே வகை துப்பாக்கி வெடித்து ஒரு வீரர் இறந்தார். உடனே விமானப்படையின் ஒரு பிரிவு அந்த துப்பாக்கியை பயன்படுத்துவதை நிறுத்தியது. எல்லா துப்பாக்கியையும் பிரித்துப் பார்த்த பிறகே ஆகஸ்டில் மறுபடி கொடுத்தது. பிறகு வந்தது திருப்பம். துப்பாக்கி தானாக வெடித்ததாக சொன்ன கதை பொய் என்று தெரிந்தது. பொய் சொன்னதை உடன் இருந்த 2 வீரர்கள் ஒப்புக்கொண்டனர்.

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. புத்தம் புது மாடலிலும் கோளாறு வரலாம். கையால் செய்த தப்பை துப்பாக்கி தலையில் கட்டவும் ஆள் இருக்கிறார்கள். எது உண்மை என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு துப்பாக்கியையும் எடுத்து சோதிக்கும் பழக்கம் இருக்க வேண்டும். அங்கே ஒரு சாவுக்கு அத்தனை துப்பாக்கியையும் கழற்றிப் பார்த்தார்கள்.

துப்பாக்கி எடுங்கள் என்றார் டி.ஜி.பி.

தமிழகத்தில் போலீஸ்காரர் கையில் துப்பாக்கி கொடுக்க வேண்டும் என்ற பேச்சு குடிமங்கலத்தில் ஆரம்பித்தது அல்ல. 2020 ஜனவரி 8-ந்தேதி இரவு களியக்காவிளை சோதனைச்சாவடியில் சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் வில்சன் சுட்டுக்கொல்லப்பட்டார். 2021 நவம்பர் 21-ந்தேதி அதிகாலை, ஆடு திருடர்களை மோட்டார் சைக்கிளில் விரட்டிப்போன திருச்சி நவல்பட்டு சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர் பூமிநாதன், புதுக்கோட்டை மாவட்டம் கீரனூர் அருகே வெட்டிக் கொல்லப்பட்டார். அப்போதைய டி.ஜி.பி. சைலேந்திரபாபு, ரோந்து போகும்போது துப்பாக்கி எடுத்துச்செல்லுங்கள், உயிருக்கு ஆபத்து என்றால் தற்காப்புக்கு பயன்படுத்த தயங்காதீர்கள் என்று போலீசாருக்கு சொன்னார்.

சொன்னது சரிதான். ஆனால் 4 ஆண்டு கழித்து குடிமங்கலத்தில் மறுபடியும் அதே சாவு. வில்சன், பூமிநாதன், சண்முகவேல் மூன்று பேருமே சிறப்பு சப்-இன்ஸ்பெக்டர்கள். கான்ஸ்டபிளாக சேர்ந்து வருடக்கணக்கில் உழைத்து அந்த பதவிக்கு வருபவர்கள், ரிட்டயர்மெண்டை நெருங்கும் வயதுக்காரர்கள். ராத்திரி ரோந்தும், சோதனைச்சாவடியும், குடும்ப சண்டையும் இவர்கள் தலையில்தான் விழுகிறது.

அந்த வயதில் ஒருவர் இடுப்பில் பிஸ்டலை கட்டிவிட்டு, வருடத்தில் எப்போதாவது ஒருநாள் சுட வைத்தால் போதுமா? சுடுவது சைக்கிள் ஓட்டுவது மாதிரி அல்ல. பழக்கம் விட்டால் கை மறந்து போகும். பிடி தளரும், காலி கூடு மாட்டும். மாட்டினால் மேகசினை தட்டி, ஸ்லைடை இழுத்து, மறுபடி குறி பார்க்கும் வேலையை கை தானாக செய்ய வேண்டும். யோசித்து செய்தால் அந்த ஒன்றரை வினாடி போய்விடும்.

உறையிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் துப்பாக்கிக்குள் வேர்வையும் தூசியும் துணிப்பஞ்சும் சேரும். பனியன் கம்பெனியில் பஞ்சு என்ன வேலை செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தினமும் ஓடும் மிஷினுக்கே சர்வீஸ் உண்டு. என்றைக்கோ ஒருநாள், ஆனால் கட்டாயம் ஓட வேண்டிய மிஷினுக்கு சர்வீஸ் எவ்வளவு முக்கியம்?

தோட்டத்து வீட்டுக்கு லைசென்ஸ் வாங்கினால்...

பொதுமக்கள் விஷயம் இன்னும் சிக்கல். 1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைக்க முடியாது. போலீஸ் வைத்திருக்கும் 9 எம்.எம். பிஸ்டல் பொதுமக்களுக்கு தடை செய்யப்பட்ட ரகம். அவர்களுக்கு கிடைப்பது புள்ளி 32 போன்ற ரகங்கள்தான். 2019 சட்ட திருத்தத்துக்கு பிறகு ஒருவர் 2 துப்பாக்கிக்கு மேல் வைக்கக்கூடாது. 2016 விதிகளின்படி, பாதுகாப்பாக கையாளும் பயிற்சி எடுத்த சான்றிதழும் வேண்டும். தேர்தல் வந்தால் துப்பாக்கியை போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும்.

லைசென்ஸ் வாங்கியாச்சு, துப்பாக்கியும் வாங்கியாச்சு என்றே வைத்துக்கொள்வோம். பீரோவில் பூட்டி வைத்தால் ராத்திரி திருடன் கதவை உடைக்கும்போது சாவி தேட வேண்டும். தலையணைக்கு அடியில் வைத்தால் பேரன் பேத்தி கையில் படும். 65 வயது பெரியவர் தூக்கக்கலக்கத்தில் ஸ்லைடை இழுத்து தோட்டா ஏற்றி, இருட்டில் வருவது திருடனா, தறி ஓட்டிவிட்டு நைட் ஷிப்ட் முடிந்து வரும் மகனா என்று பார்த்து சுட வேண்டும்.

தவறுதலாக வெடித்து ஒருவர் இறந்தால் சட்டமும் சும்மா விடாது. 2024 ஜூலை 1-ந்தேதி முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவில், கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தினால் 5 ஆண்டு வரை ஜெயில். அதே சட்டத்தில் தற்காப்பு உரிமையும் இருக்கிறது. ஆனால் தற்காப்புக்குத்தான் சுட்டேன் என்பது கோர்ட்டில் நிற்க வேண்டும்.

இதற்காக தோட்டத்துக்காரர்கள் பயப்படுவது தப்பு என்று அர்த்தம் அல்ல. தனி வீட்டுக்கு விளக்கு, கேமரா, நாய், அக்கம்பக்கத்து சாளைக்கு கேட்கிற மாதிரி ஒரு சைரன், 100-க்கு போன் செய்தால் உடனே வரும் ரோந்து வண்டி. இவை எதுவும் மேகசினில் மாட்டிக்கொள்ளாது, பேரனை சுடாது. முதலில் கேட்டு வாங்க வேண்டியது இவற்றைத்தான்.

போலீசுக்கு என்ன கேட்க வேண்டும்?

போலீசுக்கு துப்பாக்கி வேண்டாம் என்று யாரும் சொல்லப்போவது இல்லை. அரிவாளுக்கு முன்னால் லத்தியோடு நில் என்று சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் துப்பாக்கியோடு சேர்த்து கேட்க வேண்டியவை சில இருக்கின்றன.

ஒன்று, ரோந்து போகும் ஒவ்வொருவருக்கும் அடிக்கடி சுடும் பயிற்சி. நின்று நிதானமாக அட்டையை சுடும் பயிற்சி மட்டும் போதாது. இருட்டில், டார்ச் லைட்டோடு, துப்பாக்கி மாட்டிக்கொண்டால் சரி செய்யும் பயிற்சியும் வேண்டும்.

இரண்டு, அதற்கு தோட்டா. பயிற்சிக்கு தோட்டா கொடுக்க கணக்கு பார்த்தால் உயிர் கணக்கில் இடிக்கும்.

மூன்று, குறிப்பிட்ட நாளுக்கு ஒருமுறை ஆயுதப்படை ஆர்மரர் துப்பாக்கியையும் மேகசினையும் கழற்றி பார்த்து, நெளிந்த மேகசினையும் பழைய தோட்டாவையும் ஒதுக்க வேண்டும்.

நான்கு, ஸ்டேஷனில் துப்பாக்கியை வாங்கும்போதும் கொடுக்கும்போதும் மணல் நிரப்பிய பெட்டியை நோக்கி வைத்து, மேகசினை கழற்றி, ஸ்லைடை இழுத்து, சேம்பரை கண்ணால் பார்த்து காலி என்று உறுதி செய்யும் பழக்கம். இது முழு வேலையும் அரை நிமிடம்தான். அலிகாரில் அந்த அரை நிமிடம் செலவழித்திருந்தால் பாஸ்போர்ட்டுக்கு போன பெண் வீடு திரும்பி இருப்பார்.

ஐந்து, ராத்திரி தகராறு என்று அழைப்பு வந்தால் தனியாகவோ ஒரு டிரைவரோடோ அனுப்பாமல் போதிய ஆட்களோடு அனுப்புவது. நாலு பேர் இறங்கினாலே பாதி சண்டை நின்றுவிடும், துப்பாக்கியை உருவும் வேலையே வராது.

குடிமங்கலம் சம்பவத்தின் சூடு ஆறிவிட்டது. டீக்கடையில் இப்போது வேறு பேச்சு ஓடுகிறது. ஆனால் திருப்பூர் மாவட்டத்தில் ஒவ்வொரு ராத்திரியும் ஏதோ ஒரு தோட்டத்தில் இருந்து, ஏதோ ஒரு லைன் வீட்டில் இருந்து "சார், சண்டை நடக்குது, சீக்கிரம் வாங்க" என்று போன் போய்க்கொண்டுதான் இருக்கிறது. அந்த போனை எடுத்துக்கொண்டு கிளம்பும் போலீஸ்காரரின் இடுப்பில் இருக்கும் துப்பாக்கியை கடைசியாக துடைத்தது எப்போது, அவர் கடைசியாக சுட்டுப் பழகியது எப்போது என்பதுதான் இனி கேட்க வேண்டிய கேள்வி.